ஒரு வண்டியில் இரண்டு துரு

துருவைக் காட்டி, "இது எப்ப வந்ததுங்க?" என்று யாராவது உங்களிடம் கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். அப்புறம் இன்னொரு தடவை வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

சிங்காநல்லூர் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். தகடு வெட்டுவது, வெல்டிங் வைப்பது, பட்டி பூசித் தேய்ப்பது எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வருவது கலாமணி அம்மணியின் வண்டியைப் பற்றி. பட்டறையை விட்டு நான் ஒதுங்குவதற்குச் சற்று முன்னால் வந்த வண்டி அது. அத்தனை வருஷம் தொழில் செய்தவனுக்கு, கடைசிக் காலத்தில் வந்த ஒரு சின்ன காரில் என்ன நடந்திருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

கலாமணி இருகூர்ப் பக்கம் மாவு மில் வைத்திருப்பவர். நாற்பது வயசுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, தன் சம்பாத்தியத்தில் ஒரு பழைய கார் வாங்கினார். விற்றவர் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன் செல்வராசு. காங்கயம் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார். அவரும் அதை வேறொருவரிடம் இருந்து வாங்கிச் சில வருஷம் ஓட்டியவர்தான். "வெளிய குடுக்கறதுக்குத் தங்கச்சியே வெச்சுக்கட்டும்" என்று அவராகவே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனாராம். அந்த அம்மா வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்ததைப் பார்த்தாலே அதன் மேல் இருந்த பிரியம் தெரியும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் விபூதியும் குங்குமமும் எந்நாளும் புதிதாக இருக்கும்.

மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு மதுக்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பைபாஸில் டயர் பஞ்சர். மகளை இறக்கி ஓரமாக நிற்க வைத்திருக்கிறார் கலாமணி. அந்த வழியாக வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கி ஜாக்கி போட்டுத் தூக்கியிருக்கிறார். வண்டி மேலே எழும்பவில்லை. ஜாக்கி மட்டும் மேலே போயிருக்கிறது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்தில் இருந்து பின்சக்கரம் வரைக்கும் பெட்டி மாதிரி ஓடுமே, நாம் ரன்னிங் போர்டு என்போமே, அதற்குள் ஜாக்கியின் தலை அப்பளத்தில் விரல் போகிற மாதிரி நொறுக்கிக்கொண்டு போய்விட்டது. வண்டி சாய்ந்தது. தூக்கியவர் கையை இழுத்துக்கொண்டதால் தப்பித்தார்.

வண்டியை இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் இறக்கினார்கள். பின்னாலேயே ஆட்டோவில் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அம்மாவின் முகத்தில் பயம் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"ஏனுங்கண்ணா, இது தண்ணில முழுகுன வண்டிங்களா?" என்றார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். பைபாஸில் ஜாக்கி போட்டவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

"இன்னும் பாக்கவே இல்லீங்க அம்மணி."

"பாத்துச் சொல்லுங்க. வண்டியச் சரி பண்றது அப்புறம். இது எங்கண்ணன் குடுக்கறப்பவே இப்பிடி இருந்துச்சா, அத மட்டும் எனக்குச் சொன்னாப் போதும்."

வாடிக்கையாளர் வண்டியைச் சரி பண்ணித் தரச் சொல்வார், அல்லது எவ்வளவு ஆகும் என்று கேட்பார். இந்த அம்மா சாட்சி கேட்டார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. சரி பார்க்கிறேன் என்று தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் நானும் பெயிண்டர் பாயும் வண்டியைப் பிரித்தோம். பாய் கோட்டைமேட்டுக்காரர், என்னோடு ரொம்ப வருஷம் வேலை செய்தவர். எனக்கு நேர்மாறாக யோசிப்பது அவர் வழக்கம். அதனாலேயே அவரை நான் பக்கத்தில் வைத்திருந்தேன்.

சீட்டைக் கழற்றி, தரையில் விரித்திருந்த மேட்டிங்கைத் தூக்கினோம். தரைத் தகட்டில் ஆரஞ்சு நிறத்தில் துரு, மஞ்சள் பொடியைத் தூவிவிட்டு மிளகாய்ப்பொடியைக் கலந்த மாதிரி. சீட் போல்ட்டுகளிலும் அதே.

"முங்குன வண்டிதாண்ணே" என்றார் பாய். "சந்தேகமே வேண்டாம்."

நான் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தேன். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் பெல்ட்டின் அடிநுனியில் சேற்றுக்கோடு இருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. இதில் கோடு இல்லை. முன்விளக்குகளுக்குள் மண் இல்லை. டேஷ்போர்டுக்கு உள்ளே வயர் சாக்கெட்டுகளில் பச்சைக் களிம்பு பிடிக்கவில்லை.

"முங்கல பாய். முங்கியிருந்தா வயரிங் இப்பிடி இருக்குமா?"

பாய் ரன்னிங் போர்டின் ஓட்டைக்குள் விரலை விட்டார். விரலோடு மெல்லிய வண்டல் மண் வந்தது. காய்ந்து பொரிந்த மண். அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் மண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். மூழ்காத வண்டிக்குள் வண்டல் எப்படி வந்தது?

அதற்குமேலும் இருந்தது. ரன்னிங் போர்டைக் கொஞ்சம் வெட்டித் திறந்து பார்த்தபோது, உள்ளே இருந்த துரு தரையில் பார்த்த துரு மாதிரி இல்லை. கறுத்துப்போய், தகடு தகடாக, மரப்பட்டை மாதிரி உரிந்தது. அது ஒரு மழையில் வந்த துரு இல்லை. பல வருஷம் ஈரத்தோடு மூடிக்கிடந்த துரு. வெளிப்பக்கம் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்து, அடியில் கறுப்புக் கோட்டிங்கும் தெளித்திருந்தார்கள். தண்ணீர் வடிகிற ஓட்டைகளும் அந்தக் கோட்டிங்கில் அடைபட்டிருந்தன. யார் செய்தது, எப்போது செய்தது, எதுவும் தெரியவில்லை.

பாய் டீ குடித்துவிட்டு வந்து அதைப் பார்த்தார். "இது பழசுண்ணே. முங்குன வண்டி இல்ல இது. நீங்க சொன்னதுதான் சரி" என்றார்.

அதற்குள் நான், மூழ்கிய வண்டிதானோ என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன். காலையில் ஆரம்பித்த இடத்தில் இருந்து இருவரும் இடம் மாறி உட்கார்ந்திருந்தோம்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வண்டியில் ஒரே ஒரு காரணம்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூழ்கியதா, மூழ்கவில்லையா. அண்ணன் ஏமாற்றினாரா, இல்லையா. அந்த அம்மா கேள்வியை அப்படிக் கேட்டதால், நானும் அப்படியே தேடிக்கொண்டிருந்தேன். கேட்கிறவர் கேள்வி நம் கண்ணைக் கட்டிவிடும்.

சாயங்காலம் கலாமணியும் அவர் வீட்டுக்காரர் தங்கவேலும் வந்தார்கள். தங்கவேல் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். அதிகம் பேசாதவர். சட்டைப்பையில் பேனாவை மாட்டிக்கொண்டு, வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"மேட்டிங்குக்கு அடியில இருக்கிற மெத்தை புதுசா இருக்குதுங்க" என்றேன். "எப்ப மாத்துனீங்க?"

"நாங்க எதையும் மாத்தலீங்களே" என்றார் கலாமணி. உடனே அவர் முகம் மாறியது. "அப்ப அண்ணன்தான் மாத்தியிருக்கான். துருவ மறைக்கறதுக்கு மாத்தியிருக்கான்."

"அப்பிடிச் சொல்லீற முடியாதுங்க அம்மணி."

"வேற எப்பிடிங்க சொல்றது? நாளானிக்கிப் பத்திரிகை வருதுங்கண்ணா. மொதப் பத்திரிகை தாய்மாமன் ஊட்டுக்குத்தான் வெக்கோணும். எம்பொண்ணு உக்காந்திருந்த வண்டி ரோட்டுல ஒடஞ்சு விழுகற மாதிரி ஒரு வண்டியக் குடுத்தவன் ஊட்டுப்படிய நான் எப்பிடி ஏறுவேன்? தாய்மாமன் இல்லாமயே கல்யாணத்த முடிச்சுக்கலாம்னு இருக்கறேன்."

நம் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், அது என்ன பேச்சு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன்பிறகு இரண்டு வீடும் ஒன்றுக்கொன்று சாவுக்குக்கூடப் போகாது.

நான் தங்கவேலைப் பார்த்தேன். அவர் வெளியே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கொடுங்கள் என்று கேட்டு அனுப்பினேன். அதற்கு அடுத்த நாள் மதியம் செல்வராசு வந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த ஓட்டையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் ஓட்டறப்ப இப்பிடி இல்லீங்க" என்றார்.

"அடிமெத்தை மாத்துனீங்களா?"

"மெத்தையா? இல்லீங்களே." யோசித்தார். "தண்ணி எங்கயும் நிக்கலீங்க. எங்க தோட்டத்துல மழையே எங்கீங்க பேயுது?"

அவர் சொன்னதில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் முழுசாக என் கண்ணைப் பார்த்தும் அவர் பேசவில்லை. "வண்டிய நானே திருப்பி எடுத்துக்கறேன்னு தங்கச்சிகிட்டச் சொல்லிப்போடுங்க. எம்பேச்சை அது இப்பக் கேக்காது" என்றார். குற்றம் செய்தவர் இப்படிப் பேசுவாரா, செய்யாதவர் இப்படிப் பேசுவாரா? எனக்குப் புரியவில்லை. அவர் போனபிறகு பாயிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் இப்பிடித்தாண்ணே பேசுவாங்க" என்றார் அவர்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குத் தொழிலே மறந்துபோன மாதிரி இருந்தது. வண்டியிடமே போய்க் கேட்கலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறக்கிற நேரத்துக்குத் தங்கவேல் தனியாக வந்து நின்றுகொண்டிருந்தார். மில் ஷிப்டுக்குப் போகிற உடுப்பு. உள்ளே வாங்க என்றேன். வந்து உட்காரவில்லை.

"அண்ணா, அந்த அடிமெத்தைய மாத்துனது நானுங்க" என்றார்.

போன மழைக்காலத்தில், மகளுக்குப் பார்த்திருந்த வரனைப் பற்றி விசாரிக்க அவர் ஒரு சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போயிருக்கிறார். மழையில் வண்டியை எடுக்க வேண்டாம் என்று கலாமணி சொல்லியும் எடுத்திருக்கிறார். திரும்பும்போது ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. முன்னால் ஒரு பஸ் போனதைப் பார்த்து, ஆழம் இருக்காது என்று இறக்கிவிட்டார். பாதியில் வண்டி நின்றுபோனது. கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து கணுக்காலை மூடியது. சீட்டுக்கு மேல் ஏறவில்லை. நாலைந்து பேர் தள்ளி வெளியே கொண்டுவந்தார்கள். தன் நூல் மில்லுக்குப் பக்கத்தில் தெரிந்த ஒரு கடையில் விட்டு, மேட்டிங்கைக் காயவைத்து, ஊறிப்போன மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைத்திருக்கிறார். கலாமணி அப்போது அம்மா வீட்டுப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாராம். வந்தபோது வண்டி பளபளவென்று வாசலில் நின்றது.

பெல்ட்டில் ஏன் கோடு இல்லை, வயரிங்கில் ஏன் பச்சை இல்லை, ரன்னிங் போர்டுக்குள் வண்டல் எப்படி வந்தது என்று எல்லாம் எனக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியது. மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"ஊட்டுல சொல்லலீங்களா?"

"எப்பிடிங்க சொல்றது? அவ காசு போட்டு வாங்குன வண்டி. இப்ப அவ அவங்கண்ணனச் சொல்லச் சொல்ல, எனக்கு வாயே வரலீங்க. மொத நாளே சொல்லியிருந்தாச் சொல்லியிருக்கலாம். இத்தன நாள் கழிச்சு என்னன்னு சொல்வேன்?" அவர் குரல் இறங்கியது. "நீங்கதான் பழைய துரு இருக்குதுன்னு சொன்னீங்களாமா. பாய் எங்கிட்ட போன்ல சொன்னாரு. அது நெசந்தானுங்க? அப்ப பழைய துருன்னே சொல்லீருங்களேன். பொய்யும் இல்ல. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. பழைய துரு இருந்தது உண்மை. அதை மட்டும் நான் சொன்னால், செல்வராசு தங்கை வீட்டுக் கல்யாணத்தில் இருக்க மாட்டார். புதுத் தண்ணீர் என்று மட்டும் சொன்னால், தங்கவேலால் மனைவி முகத்தில் விழிக்க முடியாது. அதுவும் உண்மைதான். அந்தத் தண்ணீர் வராமல் இருந்திருந்தால் பழைய துரு இன்னும் சில வருஷம் தாங்கியிருக்கும். பழைய துரு இல்லாமல் இருந்திருந்தால் ஒரு நாள் தண்ணீர் இவ்வளவு செய்திருக்காது. எது ஓட்டை போட்டது? இரண்டும்தான். இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை, இன்றைக்கும் முடியாது.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். "அம்மணி இன்னிக்கு வந்து கேட்டா, நான் ரெண்டு துருவையும் காட்டுவேனுங்க. தண்ணி எப்பிடி வந்துதுன்னு கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிப்போடுங்க. அதான் நல்லது."

"சொன்னா என்ன ஆகும்ணா?"

"எனக்குத் தெரியாதுங்க."

அவர் வெளியே போனார். எந்தப் பக்கம் போனார் என்றுகூட நான் பார்க்கவில்லை. நான் செய்தது சரியா என்று அப்போது தெரியவில்லை. ஒரு குடும்பத்துக்குள் நான் ஏன் நுழைகிறேன்? நான் தகடு தட்டுகிறவன். ஆனால் என் வாயில் இருந்து ஒரு வார்த்தைக்காக அவர்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நுழைய மாட்டேன் என்று சொல்கிற காலம் முதல் நாளே போய்விட்டது.

பதினொரு மணி வாக்கில் கலாமணி வந்தார். கையில் மஞ்சள் பையில் பத்திரிகைக் கட்டு, அச்சு மை வாசனையோடு. "சொல்லுங்கண்ணா" என்றார்.

தங்கவேல் வரவில்லை. அவருக்காகக் காத்திருப்பதா, சொல்லிவிடுவதா என்று தெரியாமல், கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று போய்க் கையைக் கழுவினேன். சுத்தமாக இருந்த கையை ரொம்ப நேரம் கழுவினேன். திரும்பி வந்து, முதலில் தரையைக் காட்டினேன். அப்புறம் ரன்னிங் போர்டைக் காட்டினேன். கறுத்த துருவை ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்துக் கையில் கொடுத்தேன்.

"இது பழசுங்க அம்மணி. பல வருஷத்தது."

என் வாயில் இருந்து அடுத்த வார்த்தை வருவதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. "அப்ப அண்ணன் தெரிஞ்சேதான் குடுத்திருக்கான்."

"இருங்க, இன்னும் நான் முடிக்கல..." என்றேன். முடிப்பது எப்படி என்று தெரியவில்லை. வார்த்தைகள் வரிசையில் வரவில்லை. பெல்ட் என்றேன், வண்டல் என்றேன், ஓட்டை அடைபட்டிருக்கிறது என்றேன். அந்த அம்மா என்னை ஏதோ வேறு பாஷை பேசுகிறவனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பாய் அங்கே பெயிண்ட் கலக்குவதை நிறுத்திவிட்டு நின்றார்.

அப்போது தங்கவேல் உள்ளே வந்தார். எதிர்ச்சாரி டீக்கடையில்தான் அத்தனை நேரமும் உட்கார்ந்திருக்கிறார். மில்லுக்குப் போகவே இல்லை.

"கலா, தண்ணில எறக்குனது நான்" என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாலம், பஸ், தள்ளியவர்கள், மெத்தை. நடுவில் ஒரு இடத்தில், "உங்கண்ணனுக்கு இதுல ஒண்ணும் தெரியாது" என்றார். கலாமணி கணவரைப் பார்க்கவில்லை. கையில் இருந்த துருச் செதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் விரலில் பொடிந்து சேலையில் கறையானது.

அவர் முடித்ததும் கலாமணி ஒன்றே ஒன்று கேட்டார். "எங்கண்ணன நான் அத்தன பேச்சுப் பேசறப்ப நீங்க பக்கத்துலதானுங்க இருந்தீங்க?"

தங்கவேல் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கழற்றித் திரும்ப மாட்டினார்.

அப்புறம் கலாமணி என்னிடம் திரும்பினார். "அப்ப எங்கண்ணன் மேல தப்பே இல்லீங்களாண்ணா?"

நான் முன்பு சொன்னேனே, உடனே பதில் சொல்லாதீர்கள் என்று, இந்தக் கேள்விக்காகத்தான் சொன்னேன். இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். பத்திரிகை போகும், கல்யாணம் நடக்கும். அந்த அம்மா அதைத்தான் கேட்க விரும்பினார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கறுத்த துரு அவர் சேலையில் இருந்தது.

"தண்ணி உங்க ஊட்டுக்காரர்னால வந்ததுங்க. பழைய துரு உங்கண்ணன்கிட்ட வண்டி இருந்தப்பவே இருந்திருக்கோணும். அத மறைச்சுப் பட்டி போட்டிருக்குது. அவரு போட்டாரா, அவருக்கு வித்தவன் போட்டானா, எனக்குத் தெரியாது அம்மணி. அத அந்தத் தகடு சொல்லாது."

"உங்களால கண்டுபுடிக்க முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

எனக்கு அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷம் பட்டறை நடத்தியவன் முடியாது என்கிறானே என்று நினைப்பாரோ என்று இருந்தது. அவர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. "சரிங்க" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எங்கீங்க போறீங்க?" என்றேன்.

"காங்கயத்துக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான இருக்குது."

"நானும் வாரேன்" என்றார் தங்கவேல்.

"வேண்டாம். நீங்க ஷிப்டுக்குப் போங்க. இல்லாட்டி இங்கயே இருந்து வண்டியப் பாத்துக்கங்க" என்றார். கோபமாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று அந்த மனுஷனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. தங்கவேல் சாயங்காலம் வரைக்கும் பட்டறையிலேயே இருந்தார். பாய் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார். ரன்னிங் போர்டுக்குப் புதுத் தகடு வெட்டும்போது கேட்காமலே வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

வண்டியை முழுசாகப் பிரித்து, கெட்டதை எல்லாம் வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து, உள்ளே மெழுகு தெளித்து, வடிகால் ஓட்டைகளைத் திறந்துவிட்டுக் கொடுத்தோம். அதையெல்லாம் எப்படிச் செய்வது என்று உங்களுக்குத் தெரியும். வண்டி எடுக்கக் கலாமணிதான் வந்தார். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டைகளை எங்கே பார்ப்பது, எப்போது குச்சி விட்டுச் சுத்தம் செய்வது என்று மட்டும் காட்டிக் கொடுத்தேன். குனிந்து, தானே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கும் பாய்க்கும் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனார். தாய்மாமன் பெயர் அதில் இருந்தது. நடுவில் அச்சகத்தில் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லியிருந்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு நானும் பாயும் போனோம். திருமண மண்டபத்தில் தங்கவேல் பந்தியில் நின்று எல்லோரையும் கவனித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கலாமணி பட்டுச்சேலையில் ஓடிக்கொண்டே இருந்தார். கணவரிடம் இரண்டு தடவை ஏதோ சொல்லிவிட்டுப் போனதைப் பார்த்தேன். வழக்கமாகப் பேசுகிற பேச்சுத்தான் என்று பட்டது. முன்மாதிரி ஆகிவிட்டார்களா, கல்யாணத்துக்காக அப்படி இருக்கிறார்களா, அது வெளியே இருப்பவனுக்குத் தெரிகிற விஷயம் இல்லை.

கை கழுவப் போன இடத்தில் செல்வராசு என் பக்கத்தில் வந்து நின்றார். பட்டு வேட்டி, சந்தனம். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல் நின்றார்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றார். "அந்தப் பட்டி நான் போட்டதுங்க."

நான் அவரைப் பார்த்தேன்.

"கதவுக்குக் கீழ பெயிண்டு கொப்புளமாட்ட எழும்பியிருந்துச்சு. தங்கச்சிக்குக் குடுக்கறோம், நல்லாக் குடுக்கோணும்னு காங்கயத்துல ஒரு கடைல விட்டு பட்டி போட்டு, பெயிண்டு அடிச்சு, அடியிலயும் கறுப்பு அடிச்சுக் குடுத்தேன். உள்ள இப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. நெசமாத் தெரியாது. ஆனா அன்னிக்கு உங்க பட்டறைல அந்த ஓட்டையப் பாத்தப்ப, அதே எடந்தான்னு தெரிஞ்சுபோச்சு. சொல்றதுக்கு வாய் வரல."

அப்படியானால் ஏமாற்றவும் இல்லை, ஏமாற்றாமலும் இல்லை. தங்கைக்கு அழகாகக் கொடுக்கப் பூசிய பூச்சுத்தான் ஓட்டைகளை அடைத்து, உள்ளே வந்த தண்ணீரை வடியவிடாமல் வைத்திருக்கிறது. இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்கு ஓடியது. சொல்லவில்லை. கல்யாண மண்டபத்தில் ஈரக்கையோடு நின்றுகொண்டு சொல்கிற விஷயமாகத் தோன்றவில்லை. அது சரியா தப்பா என்று நீங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும்.

"இத அம்மணிகிட்டச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லிட்டனுங்க. அன்னிக்குப் பத்திரிகையோட பஸ்ஸுல வந்து எறங்குச்சே, அன்னிக்கே. அது வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே நான் சொல்லிப்போட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

மேடையில் இருந்து மைக்கில் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். அவர் அவசரமாகக் கையை நனைத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"திட்டலீங்க. பத்திரிகைய எங்கையில குடுத்துச்சு. அப்பறம், 'காலைலிருந்து ஒண்ணும் திங்கலண்ணா, அண்ணியச் சோறு போடச் சொல்லு'ன்னுச்சு" என்று சொல்லிவிட்டு மேடையைப் பார்த்து நடந்தார்.